வைத்தியசாலைச் செல்வமும் ஊரவர் உரிமையும்

வைத்தியசாலை நிறுவுதல் அறங்களுள் ஒன்று என்பதை எல்லாச் சமயத்தாரும் உடன்படுவர். ஆயின், அறத்தின் பொருட்டு நிறுவப்பட்ட வைத்தியசாலை ஒன்று பிறிதொன்றோடு இணைந்தோ, வணிகக் கம்பனிக்கு விலைப்பட்டோ தன் பழைய வடிவத்தை இழக்குமாயின், அதற்கெனச் சேர்ந்த செல்வம் யாருக்கு உரியது என்னும் வினா எளிதில் விடை காணத்தக்கதன்று. முதல் வழங்கியோர் இறந்து பல்லாண்டு கழிந்திருக்கும். பங்குதாரர் என எவரும் இலர். பரிபாலன சபையார் அச்செல்வத்தைத் தம்முட் பங்கிட்டுக்கொள்ளச் சட்டம் இடந்தராது. இத்தகைய நிலை அமெரிக்க ஐக்கிய நாட்டில், சிறப்பாக 1980ஆம் ஆண்டுகள் தொடக்கம், பல ஊர்களில் எழலாயிற்று. அச்செல்வத்தை ஒரு நிதியமாக்கி, அதன் வருவாயை அவ்வூர் மக்களின் சுகவாழ்வுக்குச் செலவிடுதலே அந்நாட்டார் கண்ட விடையாகும். இவ்வாறு எழுந்த சுகாதார நிதியங்கள் அங்கே இருநூற்றுக்கு மேற்பட்டன.

இந்நிதியங்கள் தாமே நோய் தீர்ப்பன அல்ல. கையிருப்பை முதலீடு செய்து, அதனால் வரும் வருவாயை இலவச மருந்தகங்கள், கோயிற் சபைகளைச் சார்ந்த தாதியர் குழுக்கள், போதைப்பொருளுக்கு அடிமையானோரை மீட்கும் இல்லங்கள் முதலான இலாபநோக்கற்ற சிறு அமைப்புக்களுக்குப் பகிர்ந்தளிப்பதே அவற்றின் தொழில். ஈழத்துப் பாடசாலை நிருவாகத்தில் நெடுங்காலம் வழங்கிய ‘உதவி நன்கொடை’ என்னும் சொல் இதற்கு மிகப் பொருந்தும். இந்நன்கொடையை ஈகை என்று கொள்வதா, கடன் தீர்த்தல் என்று கொள்வதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது. வட கறோலினா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரின் வரலாறு இதனைத் தெளிவிக்க வல்லது.

கிறீன்ஸ்பரோ பருத்தி ஆலைகளால் வளர்ந்த நகர். பவேரியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர் ஒருவரின் புதல்வராகிய மோசஸ் கோன், சீசர் கோன் என்னும் உடன்பிறந்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஆலைகளை அமைத்தனர். 1905இல் இயங்கத் தொடங்கிய அவர்களது ‘வைற் ஓக்’ ஆலை, டெனிம் என்னும் தடித்த நீலத்துணி நெய்வதில் உலகிற் பெரியதாய் விளங்கி, 2017இன் இறுதியிலே மூடப்பட்டது. மோசஸ் கோன் 1908இல் மக்கட்பேறின்றியும் மரணசாதனம் எழுதாமலும் இறந்தார். அவருடைய மனைவி பேர்த்தா அம்மையார், கணவரின் பெயரால் ஒரு வைத்தியசாலை அமைதல் வேண்டும் எனக் கருதி, 1911இல் நம்பிக்கைப் பொறுப்பு ஒன்றை நிறுவினார். வறுமை காரணமாக எந்நோயாளியையும் ஏற்க மறுத்தலாகாது என்பது அதன் சாதனத்தில் இடம்பெற்ற விதிகளுள் ஒன்று. அம்மையார் 1947இற் காலமானார். வைத்தியசாலை 1953இலேதான் திறக்கப்பட்டது. சாதனம் எழுதப்பட்டதற்கும் முதல் நோயாளி படுக்கையிற் கிடத்தப்பட்டதற்கும் இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. அதே நகரில் யோன் வெஸ்லி லோங் என்னும் வைத்தியர் 1917இல் தொடங்கிய வைத்தியசாலையும் பின்னர் ஊரவர் அறநிலையமாக மாறி, வெஸ்லி லோங் சமுதாய வைத்தியசாலை எனப் பெயர்பெற்றது.

இவ்விரண்டும் தனியார் ஈகையொன்றாலேயே எழுந்தவை எனக் கொள்ளுதல் தவறு. 1946இல் அமெரிக்கப் பேரவை வைத்தியசாலைக் கட்டுமானச் சட்டத்தை இயற்றியது. முன்மொழிந்த இரு மூதவை உறுப்பினரின் பெயரால் அது ஹில்–பேட்டன் சட்டம் என வழங்கும். ஆயிரம் மக்களுக்கு நாலரைப் படுக்கை என்னும் அளவை நாடெங்கும் எய்துதல் அதன் குறிக்கோள். மத்திய அரசின் பணம் மாநிலங்களின் திட்டங்களுக்கமைய வைத்தியசாலைகளைச் சென்றடைந்தது. கோன் வைத்தியசாலைக்கு 1,269,950 டொலரும், வெஸ்லி லோங் வைத்தியசாலைக்கு 1,948,800 டொலரும் இவ்வாறு ஒதுக்கப்பட்டன. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒருங்கே செலுத்திய வரிப்பணம் இது.

இச்சட்டம் பணம் பெற்ற வைத்தியசாலைகளுக்கு இரண்டு கட்டுப்பாடுகளை விதித்தது. பணம் செலுத்த வகையற்றோருக்கு நியாயமான அளவு இலவச சேவை வழங்குதல் ஒன்று. இந்த விதி கால் நூற்றாண்டு வரை ஏட்டளவிலேயே கிடந்தது. அதனை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குகள் 1970ஆம் ஆண்டுகளிலேயே தோன்றின. இனபேதம் பாராட்டாமை மற்றையது. ஆனால் அதற்கு ஒரு விலக்கும் சட்டத்திலேயே வைக்கப்பட்டது. ஒவ்வோரினத்துக்கும் சமமான வசதிகள் தனித்தனியே இருக்குமாயின், ஒரு வைத்தியசாலை ஓரினத்தாரை விலக்கலாம் என்பதே அவ்விலக்கு. கொடுத்த கையாலேயே மீளப் பறித்தற்கு இதனினும் சிறந்த உதாரணம் சட்டநூல்களிற் காண்டல் அரிது.

கிறீன்ஸ்பரோவிற் கறுப்பின மக்களுக்கென இருந்தது, 1927இல் திறக்கப்பட்ட எல். றிச்சட்சன் நினைவு வைத்தியசாலை ஒன்றே. கோன் வைத்தியசாலை கறுப்பின நோயாளர் மிகச் சிலரை நிபந்தனைகளோடு ஏற்றது. வெஸ்லி லோங் வைத்தியசாலை எவரையும் ஏற்கவில்லை. கறுப்பின வைத்தியர்கள் இரண்டிலும் தொழில்புரியும் உரிமை பெற்றிலர். ஏழைக்கு அடைத்தலாகாது எனச் சாதனம் கூறிய கதவு, நிறத்தைக் கண்டு அடைபட்டது.

ஜோர்ஜ் சிம்கின்ஸ் என்பவர் அந்நகர்ப் பல்வைத்தியர். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கக் கிளைத் தலைவருமாயிருந்தார். கடைவாய்ப்பல்லிற் சீழ் பிடித்துக் காய்ச்சலோடு வந்த ஒரு மாணவனுக்கு வைத்தியசாலையில் இடம் வேண்டியிருந்தது. றிச்சட்சன் வைத்தியசாலையில் இடங்கிடைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் காத்திருத்தல் வேண்டும் என விடை வந்தது. ஏனைய இரண்டையும் கேட்டார், இரண்டும் மறுத்தன. 1960 பெப்ரவரி முதலாந் திகதி நான்கு மாணவர் உணவுச்சாலை ஒன்றில் வெள்ளையருக்குரிய இருக்கைகளில் அமர்ந்து நாட்டையே விழிப்படையச் செய்த நகர் இதுவே என்பதை ஈண்டு நினைத்தல் தகும். உணவுச்சாலையிற் கிடைத்த வெற்றி வைத்தியசாலை வாயிலை எட்டவில்லை. 1962 பெப்ரவரியில் வைத்தியர் அறுவர், பல்வைத்தியர் மூவர், நோயாளர் இருவர் ஆகப் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர்.

வைத்தியசாலைகளின் வாதம் எளியது: தாம் தனியார் நிலையங்கள், அரசியலமைப்பு அரசையே கட்டுப்படுத்தும், தம்மை அன்று. மாவட்ட நீதிமன்று அவ்வாதத்தை ஏற்று அதே ஆண்டு டிசம்பரில் வழக்கைத் தள்ளியது. மேன்முறையீட்டில் அமெரிக்க அரசே வழக்காளர் பக்கம் நின்று, தன் நாட்டுப் பேரவை இயற்றிய சட்டத்தின் ஒரு பகுதி செல்லாது என வாதித்தது. நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்று 1963 நவம்பர் முதலாந் திகதி மூவருக்கு இருவராய்த் தீர்ப்பளித்தது. அரசின் பணத்தைப் பெற்று, மாநிலம் வகுத்த வைத்தியசாலைத் திட்டத்தின் அங்கமாய் அமைந்த நிலையங்கள், தனியார் எனக் கூறி அரசியலமைப்பின் கட்டுப்பாட்டினின்றும் நீங்கவியலா என்றும், தனித்தனி வசதி பற்றிய விலக்குச் செல்லாது என்றும் அது கண்டது. அதனை மீளாய்வு செய்ய உயர்நீதிமன்று 1964 மார்ச்சில் மறுத்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டமும், 1966இல் நடைமுறைக்கு வந்த முதியோர் வைத்தியக் காப்புறுதியும் தென்மாநில வைத்தியசாலைகள் பலவற்றின் கதவுகளைத் திறப்பித்தன. இனபேதம் பாராட்டும் வைத்தியசாலைக்குக் காப்புறுதிப் பணம் இல்லை என்றபோது, நீதிமன்றுக்குப் பணியாதவையும் பணிந்தன.

இத்தீர்ப்பை இனவுரிமை வரலாற்றின் ஒரு பகுதியாக மட்டுங் காண்போர் பலர். சொத்துரிமை பற்றியும் அது ஒரு செய்தியைக் கூறுகின்றது. வைத்தியசாலையின் செல்வம் விதவை ஒருவரின் கொடையும், வைத்தியர் ஒருவரின் முயற்சியும், ஊரவர் சேர்த்த பணமும், எல்லாருடைய வரியும் கலந்தது. அதனுட் புக இயலாதிருந்தவரின் காசும் அச்சுவர்களில் இருந்தது.

மோசஸ் கோன், வெஸ்லி லோங் ஆகிய இரு வைத்தியசாலைகளும் 1997இல் இணைந்தன. அவ்விணைப்போடு, இரண்டின் பெயரையுந் தாங்கிய சமுதாய சுகாதார நிதியம் ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் அது கோன் சுகாதார நிதியம் என வழங்கலாயிற்று. கிறீன்ஸ்பரோ நகரையும் அதன் சுற்றுப்புறத்தையுமே அது தன் எல்லையாகக் கொண்டது.

இத்தகைய நிதியங்களின் அடியில் நிற்பது ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த பழைய கொள்கை ஒன்று. அறத்துக்கென ஒதுக்கப்பட்ட பொருள் தன் முதல் நோக்கத்தை நிறைவேற்ற இயலாதாயின், அந்நோக்கத்துக்கு இயன்றவரை அண்மையான வேறோர் அறத்துக்கு அதனைச் செலுத்துதல் வேண்டும் என்பதே அது. மாசச்சூசெற்ஸ் நீதிமன்று 1867இல் தீர்த்த ஜாக்சன் வழக்கு இதற்குச் சிறந்த சான்று. பிரான்சிஸ் ஜாக்சன் என்பவர் அடிமை முறைக்கு எதிராக மக்கள் கருத்தை உருவாக்குதற்கென 10,000 டொலரை மரணசாதனத்தில் விட்டு 1861இல் இறந்தார். அடிமை முறையோ 1865இல் ஒழிந்தது. நோக்கம் நிறைவேறிவிட்டமையால் பணம் உறவினர்க்கே மீளவேண்டும் என வாதம் எழுந்தது. நீதிமன்று அதற்கு இசையாது, விடுதலை பெற்ற மக்களின் கல்விக்கு அப்பணத்தைச் செலுத்துமாறு பணித்தது. கொடுத்தவரின் எழுத்தைவிட அவருடைய கருத்தே பெரிதெனக் கொண்ட இத்தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகின்றது.

வணிகக் கம்பனிகளுக்கு வைத்தியசாலைகள் விற்கப்பட்ட இடங்களில் இக்கொள்கை இன்னும் வெளிப்படையாகத் தொழிற்பட்டது. கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரின் வெஸ்லி வைத்திய நிலையம் 1985இல் விலைப்பட்டபோது, ஏறத்தாழ 200 மில்லியன் டொலரோடு கன்சாஸ் சுகாதார நிதியம் தோன்றிற்று. கிறீன்ஸ்பரோவுக்கு வடக்கே, வேர்ஜீனிய எல்லைக்குள் இருக்கும் டான்வில் என்னும் மற்றோர் ஆலை நகரில் 2005இல் இவ்வாறே நிகழ்ந்தது. கலிபோர்ணியாவில் ‘புளூ குறொஸ்’ என்னும் வைத்தியக் காப்புறுதி நிலையம் இலாப வழிக்கு மாறியபோது, அறச்செல்வத்தை மீட்டுக் கொடுக்கும் கடப்பாடு பற்றி நெடும் பிணக்கு நிகழ்ந்தது. நுகர்வோர் சங்கங்களும் மாநில அதிகாரிகளும் விடாது நின்றதன் பயனாக 1996இல் 3,000 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட செல்வம் இரு நிதியங்களைச் சென்றடைந்தது. கேட்போர் இல்லாத இடங்களிற் குறைந்த மதிப்பிட்டுக் கைமாறியவையும் உள.

இனி, நன்கொடை வழங்கும் முறை. கோன் நிதியம் தன் பணிக்கு நான்கு துறைகளைத் தெரிந்துகொண்டது. காப்புறுதியற்றோர் வைத்தியம் பெற வழிசெய்தல், இளம்பருவத்துக் கருப்பத்தைத் தடுத்தல், எச்.ஐ.வி. தொற்று, போதைப்பழக்கமும் மனநோயும் என்பன அவை. இவை பெரிய வைத்தியசாலை தன் சுவர்களுக்குள் இருந்துகொண்டு தீர்க்கவியலாதவை. பதினாறு வயதுச் சிறுமி வைத்தியசாலைக்கு வரும்போது காலங் கடந்திருக்கும். எச்.ஐ.வி. தொற்றுடையோன் அயலார் அறிவர் என அஞ்சி வாராதிருப்பான். வியட்நாமின் மத்திய மலைநாட்டிலிருந்து 1986 தொடக்கம் வந்து குடியேறிய மலைச்சாதி மக்கள் கிறீன்ஸ்பரோவிற் பல்லாயிரவர். அவர்களுள் முதியோர் பலர் ஆங்கிலம் அறியார். தன் மொழி பேசும் ஒருவர் உடன்வந்தாலன்றி அம்முதியோர் மருந்துச் சீட்டைப் படித்தறிவதெங்ஙனம்? இவ்விடங்களிலே, ஊருக்குள் வாழ்ந்து, ஆட்களைப் பெயர் சொல்லி அழைக்கவல்ல சிறு அமைப்புக்களே பயன்படுவன. பணம் நிதியத்திடம் உண்டு. நம்பிக்கை அவ்வமைப்புக்களிடம் உண்டு. நன்கொடை என்பது இவ்விரண்டும் சந்திக்கும் இடம்.

அச்சந்திப்பு எளிதன்று. பொதுவாக அமெரிக்க நிதியமொன்றிடம் நன்கொடை வேண்டும் அமைப்பு, வருமான வரிச் சட்டத்தின்படி அறநிலையம் என ஏற்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் அவ்வாறு ஏற்கப்பட்ட வேறொன்றின் பொறுப்பிற் பணம் பெறும். முதலிற் சுருக்கக் கடிதம், பின்னர் விரிவான விண்ணப்பம், வரவுசெலவு மதிப்பீடு, கணக்காய்வு அறிக்கை, நெறியாளர் பெயர்ப்பட்டியல் என ஒன்றன்பின் ஒன்றாய்க் கேட்கப்படும். நிதியத்தின் அலுவலர் நேரிற் சென்று பார்ப்பர். சபை தீர்மானித்தபின் ஓராண்டுக்கோ மூவாண்டுக்கோ பணம் வழங்கப்படும். ஆண்டுதோறும் அறிக்கை அனுப்புதல் வேண்டும். நிதியங்களையும் சட்டம் விடுவதில்லை: 1969இல் வந்த வரிச் சீர்திருத்தத்தின் வழி, தனியார் நிதியம் என வகுக்கப்பட்டவை தம் முதலீட்டுச் செல்வத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தை ஆண்டுதோறும் செலவிடக் கடமைப்பட்டுள்ளன. வைத்தியசாலையைச் சார்ந்து நிற்கும் நிதியங்களுக்கு வேறு விதிகள் உள.

இம்முறையிற் காணப்படும் பெருங்குறை, பணம் பெரும்பாலும் ஒரு குறித்த திட்டத்துக்கே கட்டப்பட்டு வருவது. புதிய பரிசோதனைக் கருவிக்குப் பணங் கிடைக்கும். அது வைக்கப்பட்டிருக்கும் அறைக்கு வாடகை கிடைக்காது. நோயாளரை ஏற்றிவரும் வாகனம் கிடைக்கும். அதன் சாரதிக்கு இரண்டாம் ஆண்டுச் சம்பளத்தை எங்கிருந்து கொடுப்பது என்பதைப் பற்றி ஒருவரும் பேசார். கணக்கெழுதுவோன் கூலி ‘நிருவாகச் செலவு’ எனப் பெயர்பெற்று இழிவாக எண்ணப்படும். ஆயினும் ஒழுங்கான கணக்கு இல்லையெனின் அடுத்த நன்கொடை இல்லை. பகலில் நோயாளரைப் பார்த்த தாதி இரவில் அறிக்கைக்கு எண்களை நிரப்புகின்றாள். ஐந்து நிதியங்களிடம் பணம் பெறும் அமைப்பு, ஒரே பணியைப் பற்றி ஐந்து வடிவத்தில் ஐந்து அறிக்கை எழுதுதலும் உண்டு. அவ்வெண்களும் யாவற்றையுங் காட்டா. குணப்பட்ட புண்ணை எண்ணலாம். வாராது தடுக்கப்பட்ட நோயை எண்ணுவதெப்படி? அதனால் எண்ணத்தக்க பணிகள் பணம் பெறுதலும், எண்ணலாகாத பணிகள் பட்டினி கிடத்தலும் நேர்கின்றன. அண்மைக் காலத்து நிதியங்கள் சில, திட்டத்தோடு கட்டாத பொது நன்கொடையைப் பல்லாண்டுக்கு வழங்க முன்வந்துள்ளமை வரவேற்கத்தக்கது. பெறுவோனை வேலையாளாகக் கருதும் நிதியம் திட்டத்துக்குப் பணங் கொடுக்கும். அவனை அச்செல்வத்தின் உரிமையாளருள் ஒருவனாகக் கருதும் நிதியமே பொது நன்கொடை கொடுக்கும்.

குறுகிய காலத்துக்கே கொடுத்தல் என்னும் வழக்கத்துக்கு ஒரு நியாயமும் கூறப்படுவதுண்டு. நிதியம் வழிகாட்டும், பின்னர் அரசு ஏற்கும் என்பதே அது. இக்கருத்து வட கறோலினாவும் இலங்கையும் ஒருங்கே அறிந்தது. யோன் டி. றொக்பெல்லர் 1909இல் வழங்கிய ஒரு மில்லியன் டொலரைக் கொண்டு, வட கறோலினா உட்பட அமெரிக்கத் தென்மாநிலங்கள் பதினொன்றிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1914 வரை நடைபெற்றது. உள்ளூர் ஆட்சிகள் செலவில் ஒரு பங்கை ஏற்றல் வேண்டும் என்பது அதன் நெறி. 1913இல் அமைந்த றொக்பெல்லர் நிதியத்தின் சர்வதேச சுகாதாரப் பகுதி அந்நெறியோடு இலங்கை வந்து, 1916இல் மாத்தளைத் தோட்டங்களிற் பணியைத் தொடங்கிற்று. 1926இற் களுத்துறையிற் சுகாதார அலகு தோன்றியதும், அம்முறையை அரசு ஏற்றுப் பிற இடங்களுக்கும் பரப்பியதும் அதன் தொடர்ச்சியே. ஆங்கே அரசு ஏற்றது. ஆகவே கொள்கை பலித்தது. அரசு ஏற்க மறுக்குமிடத்து அக்கொள்கை, பாலத்தின் பாதியைக் கட்டிவிட்டு நீங்குதல் போலாகும்.

வட கறோலினாவிற் பின்னொரு காலத்தில் நேர்ந்ததும் அதுவே. 2010இன் வைத்தியக் காப்புறுதிச் சட்டம் வறியோருக்கான அரச காப்புறுதியை விரிவாக்க வழிசெய்தது. மாநிலங்கள் விரும்பினாலன்றி அதனை ஏற்கவேண்டியதில்லை என 2012இல் உயர்நீதிமன்று கூறவே, வட கறோலினா ஏற்காது நின்றது. அதனால் வேலை செய்தும் காப்புறுதி பெறாதோர் இலவச மருந்தகங்களில் நிரம்பினர். இவ்வமைப்புக்களுக்கு நன்கொடை வழங்கிவந்த நிதியம், எத்துணை வழங்கினும் வாளியாற் கடலை இறைப்பது போலாகும் என்பதை உணர்ந்தது போலும். 2014இல் அது, கேற் பி. றெனல்ட்ஸ் அறநிதியத்தோடு சேர்ந்து, விரிவாக்கத்தை மறுப்பதால் மாநிலத்துக்கு நேரும் பொருளாதார இழப்பைப் பற்றி ஜோர்ஜ் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தாரைக் கொண்டு ஆராய்வித்தது. சட்டமன்றிற் குறித்த மசோதாவுக்கு ஆதரவு திரட்டுவதில் நிதியங்களுக்குத் தடைகள் உள. கட்சி சாராத ஆராய்ச்சிக்குத் தடையில்லை. சட்டமன்று இசைவதற்குப் பின்னும் பல ஆண்டு சென்றன. 2023 டிசம்பர் முதலாந் திகதி விரிவாக்கம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஆறு இலட்சம் பேர் சேர்ந்தனர். ஒரு நிதியத்தின் நன்கொடைகள் எல்லாம் சேர்ந்தும் இத்தொகையினருக்கு வைத்தியம் அளித்திருக்க முடியாது. ஆயினும் காப்புறுதி அட்டை பெற்ற முதியவளை மருந்தகத்துக்கு அழைத்துச்செல்வது இன்றும் அச்சிறு அமைப்புக்களின் வேலையாகவே இருக்கின்றது.

கோன் வைத்திய நிறுவனம் 2024 டிசம்பரில், கைசர் நிறுவனத்தார் உருவாக்கிய றைசன்ற் ஹெல்த் என்னும் இலாபநோக்கற்ற அமைப்போடு இணைந்தது. பேர்த்தா அம்மையாரின் சாதனத்திலிருந்து வளர்ந்த நிறுவனம் இவ்வாறு மற்றுமொரு கூரையின்கீழ் வந்தது. அதற்கு எட்டாண்டு முன்னர், 2016இல், அந்நிறுவனம் செய்த வேறொரு செயலும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1962இன் வழக்காளர் பதினொருவருள் அப்பொழுது உயிரோடிருந்தவர் வைத்தியர் அல்வின் பிளவுண்ற் ஒருவரே. தீர்ப்பின் பயனாக 1964இற் கோன் வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை செய்த முதற் கறுப்பின வைத்தியரும் அவரே. நிறுவனத்தின் தலைமை நிருவாகி பொதுமக்கள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கோரினார். வழக்காளர்களின் நினைவாக, வைத்தியத் துறையிற் கற்கும் மாணவருக்குப் புலமைப்பரிசில் நிதி ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. பிளவுண்ற் 2017 ஜனவரியிற் காலமானார்.